வேலை முடிந்த சுவர்

பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொன்ன நாளில், காலையிலிருந்து நான் முன்னறைச் சுவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். செம்மண் கலந்த சுண்ணாம்புச் சுவர். ஓரிடத்தில் அடர்த்தி, ஓரிடத்தில் வெளுப்பு, இன்னோரிடத்தில் கை ஓடிய தடம். மழையில் நனைந்த பழைய கம்பளியைக் காயப்போட்டது போல இருந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில் என் மகனின் உள்ளங்கை அச்சு அப்படியே தெரிந்தது. அதைத் தேய்த்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "வேணும்னுதானப்பா உட்டிருக்கறேன்" என்றான்.

என் மனைவி சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, நின்னு பாத்துட்டே இருந்தா செவுரு நேராயிருமா? வந்து எலையத் தொடைங்க."

இந்தச் சம்பந்தமும் தட்டிப்போய்விடுமோ என்று எனக்குப் பயம். பயம் எனக்குப் புதிதில்லை. ஏழாவதோடு படிப்பை விட்டுவிட்டு வேலைக்கு வந்தவன் நான். தோட்டங்களிலிருந்து ஃபேக்டரிக்குப் பச்சை இலை ஏற்றும் வண்டி ஓட்டுகிறேன். சமதரையில் நிறுத்தினாலும் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் அந்தப் பக்கம் நகர்வேன். ஆனால் இந்தப் பயத்துக்குச் சரியான காரணம் இருந்தது.

மகனுக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. ஜாதகம் பொருந்தும், போட்டோ பிடிக்கும், பேச்சும் நன்றாகவே போகும். கடைசியில், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்பார்கள். அரவேணுவுக்குக் கீழே என்று சொன்னதும் எதிர்முனையில் குரல் இறங்கிவிடும். "ஓ, மலைங்களா..." அத்தோடு சரி. கோயமுத்தூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு எங்கள் ஊர் மே மாதத்தில் வந்து ஸ்வெட்டர் வாங்கிப் போவதற்கானது. பெண்ணைக் கொடுப்பதற்கானது அல்ல. குளிர் என்பார்கள், அட்டை என்பார்கள், மண்சரிவு என்பார்கள், கரடி வருமாமே என்பார்கள். எதையும் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

இந்தப் பெண் மேட்டுப்பாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். கோயிலில் வைத்துப் பார்த்தோம். மலை என்று தெரிந்தும் அவர்கள் பின்வாங்கவில்லை. மகனும் அவளும் போனில் பேசத் தொடங்கினார்கள். அவளோடு பேசிவிட்டு வருகிற நாட்களில் சாப்பிட்ட தட்டை அவனே கழுவி வைப்பான், நாங்கள் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்வான். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது. இவ்வளவு ஆசைப்படுகிறானே, இதுவும் போனால் என்ன ஆவான்?

வீடு பார்க்க வருகிறோம் என்று பெண்ணின் அப்பா சொன்னார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். டீ குடிக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், அதில் தப்பில்லை. சாப்பிட உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். வீடு பிடிக்கவில்லை என்றால் டீயோடு எழுந்து, "போன் பண்றோமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் போன் வராது. ஆகவே என் மனைவி விடிந்ததிலிருந்து பருப்பு, சாம்பார், பீன்ஸ் பொரியல், பாயசம் என்று சமைத்துக்கொண்டிருந்தாள். யாராவது சாப்பிடுவார்களா என்பது அந்தச் சுவரின் கையில் இருந்தது.

இந்தச் சுவர் வந்த கதையைச் சொல்ல வேண்டும். என் மகன், பழைய பங்களாக்களை விருந்தினர் தங்கும் வீடுகளாக மாற்றிக் கொடுக்கும் ஒருவரிடம் வேலை செய்கிறான். கோத்தகிரியில் ஒரு வீட்டுக்காரர் உள் அலங்காரம் முழுக்க ஜப்பான் முறையில் வேண்டும் என்று கேட்டாராம். நான் ஏதோ வழவழவென்று, முகம் பார்க்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி இல்லையாம்.

"வாபி சாபின்னு சொல்லுவாங்கப்பா. கோணல், விரிசல், பழசானது, கை பட்ட தடம், இதையெல்லாம் மறைக்காம அதுலயே ஒரு அழகைப் பாக்கறது."

எனக்குத் தலை சுற்றியது. நாங்கள் வாழ்நாள் முழுக்கச் செய்தது மறைப்பதைத்தான். சுவரில் விரிசல் இருந்தால் அதன்மேல் காலண்டர். தரை பெயர்ந்த இடத்தில் பாய். சோபா கிழிந்தால் ஒரு டவல். யாராவது வருகிறார்கள் என்றால் என் மனைவி ஒவ்வொரு குறைக்கு முன்னாலும் ஒரு ஸ்டூலையோ பூச்சாடியையோ கொண்டுபோய் நிறுத்திவிடுவாள். வந்தவர்கள் போனதும் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பும். அதில் அவளைப் போலக் கெட்டிக்காரி இந்தச் சரிவில் கிடையாது.

மழை பிடித்து வெளிவேலை நின்றிருந்த நாட்களில் மகன் எங்கள் முன்னறையில் கை வைத்தான். வருஷா வருஷம் ஈரத்தில் கொப்புளம் விட்டு உரிகிற ரோஸ் கலர் பெயிண்டை முழுக்கச் சுரண்டினான். காலண்டர்களைக் கழற்றினான். ட்யூப் லைட்டை எடுத்துவிட்டு ஒரு மஞ்சள் பல்பைத் தாழ்வாகத் தொங்கவிட்டான். காற்றில் விழுந்த சில்வர் ஓக் மரத்தின் பலகை ஒன்றை, பூச்சி அரித்த வரியோடு, ஓரத்துப் பட்டையைக்கூடச் சீவாமல் சுவரில் பதித்தான். பலகைமேல் ஒரே ஒரு மண் கிண்ணம். கிண்ணத்தில் ஒரே ஒரு காய்ந்த குச்சி.

"குச்சி எதுக்குடா?" என்று கேட்டேன்.

"சும்மா பாக்கறதுக்குப்பா."

"பாத்து முடிச்சதும் சொல்லு கண்ணு, அடுப்பு பத்த வெக்க ஆகும்" என்றாள் அவன் அம்மா.

அந்த மழைக்காலத்தில் முதல் தடவையாக அறையில் பூஞ்சை வாடை அடிக்கவில்லை. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும் என்று மகன் சொன்னான். அது எனக்குப் பிடித்திருந்தது. பார்வைதான் பிடிக்கவில்லை. காசு தீர்ந்து பாதியில் நின்ற வேலை மாதிரி இருந்தது.

"அவிய வர்றதுக்கு முன்னால ஒரே ஒரு கோட்டிங்..." என்று பல தடவை ஆரம்பித்தேன்.

"வேண்டாம்ப்பா. நம்ம ஊடு எப்பிடியோ அப்பிடியே பாக்கட்டும்."

"அந்தப் புள்ளைக்குப் படமாவது அனுப்புனயா?"

"இல்ல. நேர்ல பாக்கட்டும்னு இருக்கறேன்."

"நேர்ல வர்றது அவ இல்லடா. அவங்கப்பன்."

அவன் கிண்ணத்திலிருந்த குச்சியை எடுத்து, அப்படியே திரும்ப வைத்தான். அவனுக்கும் உள்ளுக்குள் பயம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. அது என் பயத்தை இரண்டு மடங்காக்கியது.

வருகிறவர்களுக்கு முன்பே என் மச்சான் வந்து சேர்ந்தார். என் மனைவியின் அண்ணன். குன்னூரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறார். தாய்மாமன் இல்லாமல் இந்த மாதிரிப் பேச்சு நடக்காது. மகன் சுரண்டிப் போட்ட ரோஸ் கலர், வீடு கட்டியபோது அவர் கடையிலிருந்து அவரே கொண்டுவந்து கொடுத்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவர் பார்வை சுவரில் விழுந்துவிட்டது.

"ஏன்டா மருமகனே, செவுத்துக்குச் சொறி புடிச்சிருக்குதா?"

"சுண்ணாம்பு மாமா."

"சுண்ணாம்பு எனக்குத் தெரியாதா? மாட்டுக் கொட்டாயிக்கு அடிக்கறதைக் கொண்டாந்து ஊட்டுக்குள்ள அடிச்சிருக்கறயே. தாய்மாமன் பெயிண்டுக் கடை வெச்சிருக்கறான், மருமகன் ஊட்டுச் செவுரு இப்பிடி. பாக்கறவன் என்னைக் காறித் துப்ப மாட்டானா?"

அவர் வெறுங்கையோடு வரவில்லை. கக்கத்தில் ஒரு நீளமான சுருள் இருந்தது. சுவரில் ஒட்டுகிற படத்தாள். விரித்துக் காட்டினார். அருவி கொட்டுகிறது, கீழே இரண்டு அன்னப்பறவைகள் கழுத்தை வளைத்துக்கொண்டு நீந்துகின்றன.

"பின்னால பசை இருக்குது. உரிச்சு ஒட்டுனா முடிஞ்சுது. அவிய போனதும் வேணும்னா எடுத்துக்க."

மகன் அதற்குள் கீழ் ரோட்டுக்கு, வண்டி வழி தவறிவிடாமல் நின்று காட்டப் போயிருந்தான். மனைவி வேண்டாம் என்றாள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மேல் விளிம்பை அழுத்தி ஒட்டினார். அருவி நின்றது. பார்க்கவும் நன்றாகத்தான் இருந்தது. எனக்கு மூச்சு வந்தது. அவர் ஸ்டூலை விட்டு இறங்குவதற்குள் அருவி மேலிருந்து மெதுவாகக் கழன்று, அன்னங்களோடு சேர்ந்து மடங்கி, சத்தமில்லாமல் தரையில் விழுந்தது. பசை முழுக்கச் செம்மண் பொடி. சுவரின் நட்டநடுவில், ஜன்னல் அளவுக்கு, வெளிறிப்போன ஒரு சதுரம்.

"உங்க ரெண்டு பேரையும் என்ன சொல்றதுன்னே தெரியல" என்றாள் மனைவி.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மச்சான் அருவியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். நான் ஈரத்துணியால் சதுரத்தின் ஓரத்தைத் தடவப் போனேன். அது இன்னும் கருத்தது. அதற்குள் மகன் வாசலில் நின்றிருந்தான். சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் கையில் இருந்த துணியைப் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த சுருளைப் பார்த்தான்.

"உடுங்கப்பா. தொடாதீங்க" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். பெண்ணின் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை. அப்பாவுக்கு உருளைக்கிழங்கு மண்டி. கோத்தகிரி ரோட்டில் ஏறியதும் வளைவுகளில் அத்தைக்குக் குமட்டல் எடுத்திருக்கிறது. எலுமிச்சம்பழத்தை மூக்கருகில் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். உட்காரச் சொன்னோம். உட்கார்ந்தார்கள். மூன்று பேரும் சுவரைப் பார்த்தார்கள், பலகையைப் பார்த்தார்கள், குச்சியைப் பார்த்தார்கள், மறுபடியும் சுவரைப் பார்த்தார்கள்.

மகன் வாங்கி வைத்திருந்த மண் கோப்பைகளில் டீ வந்தது. ஒன்றுபோல இன்னொன்று இல்லாத கோப்பைகள். மச்சான் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஒதட்டக் கிழிக்குது" என்று என் காதில் சொன்னார். வந்தவர்கள் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குடித்தார்கள்.

பெண்ணின் அப்பா கோப்பையை வைத்துவிட்டு எழுந்து சுவரருகே போனார். மண்டியில் கிழங்கை அழுத்திப் பார்ப்பது போலக் கட்டைவிரலால் ஓரிடத்தில் அழுத்தினார். விரலைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓதமுங்களா?" என்று பெண்ணின் அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார். "பொண்ணுக்குச் சின்னதுலயிருந்தே சளி புடிச்சா லேசுல உடாதுங்க."

"ஓதம் இல்லீங்க. சுண்ணாம்பு. ஈரம் தங்காதுங்க" என்றான் மகன்.

"வேலை இன்னும் நடந்துட்டு இருக்குதுங்களா தம்பி?" என்று கேட்டார் அப்பா.

"இல்லீங்க. வேலை முடிஞ்சுதுங்க."

அப்பா மறுபடியும் கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். என் வாய் தானாகத் திறந்தது.

"அடுத்த மாசம் பெயிண்ட் அடிச்சுருவோமுங்க. மழை நிக்கட்டும்னுதான் பாக்கறோம்."

"நம்ம கடையிலயே எல்லாம் இருக்குதுங்க. எந்தக் கலர் சொல்றீங்களோ அந்தக் கலர்" என்று மச்சானும் சேர்ந்துகொண்டார்.

மகன் தலை குனிந்தான். காது மடல் சிவந்துவிட்டது. சமையற்கட்டு வாசலில் நின்ற மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். பெண்ணின் அப்பா மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

நல்லவேளையாகப் பெண்ணின் அத்தை போனை எடுத்தார். "புள்ளைக்குக் காட்டறேன்னு சொல்லியிருந்தேன்" என்று வீடியோவில் அழைத்தார். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் அரைகுறைதான். படம் திக்கித் திக்கி வந்தது. அத்தை போனைச் சுற்றிக் காட்டினார். பல்பு, பலகை, குச்சி, சுவர். நடுவில் அந்த வெளிறிய சதுரம்.

"அத்த, அது என்ன செவுத்துல? யாரோ அழிச்ச மாதிரி இருக்குது?"

நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

"காலைல ஒரு படத்த ஒட்டப் பாத்தாங்க. நிக்கல" என்றான் மகன், போனைப் பார்த்து. ஒட்டியது யார் என்று அவன் சொல்லவில்லை.

"கையி வெச்சா ஒட்டுமா?"

"கொஞ்சம் ஒட்டும்."

"கொஞ்சமா, நெறையவா? நான் வேலைக்கு வெள்ளைக் கோட்டுப் போடறவ."

மகன் பதில் சொல்ல வாயெடுத்தபோது படம் உறைந்துவிட்டது. பாதி மூடிய கண்ணோடு அவள் முகம் திரையில் நின்றது. அத்தை "ஹலோ, ஹலோ" என்றார். பிறகு அதுவும் போய்விட்டது. அவளுக்குப் பிடித்ததா, பிடிக்கவில்லையா, கேலி செய்தாளா, கோபப்பட்டாளா, ஒன்றும் தெரியவில்லை.

பெண்ணின் அப்பா என் எதிரே வந்து உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. செவுரு எப்பிடியோ இருந்துட்டுப் போகுது. உங்க பையன் முடிஞ்சுதுங்கறாரு. நீங்க அடுத்த மாசம் அடிக்கறேங்கறீங்க. ஒரே ஊட்டுல ரெண்டு பேச்சு. எம் பொண்ணு இங்க வந்தா யாரு பேச்சைக் கேக்கறது?"

மச்சான் ஏதோ சொல்ல வந்தார். பெண்ணின் அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "இல்லீங்க, அவுரு சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டால் இப்படித்தான், முன்னால் போகவும் வழி இருக்காது, பின்னால் போகவும் வழி இருக்காது. பெயிண்ட் அடிக்கிறேன் என்று சொன்னால் இவர்கள் ஒருவேளை உட்காருவார்கள். ஆனால் மகன் இவர்களிடம் பொய் சொன்னதாக ஆகிவிடும். அடிக்க மாட்டேன் என்றால், இப்படியொரு வீட்டுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று எழுந்துவிடுவார்கள். எதைச் சொன்னாலும் அவன் வாழ்க்கை.

"எனக்கு இந்தச் செவுரு புடிக்கலீங்க" என்றேன். மகன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னிக்கு வரைக்கும் புடிக்கல. நீங்க என்ன நெனைப்பீங்களோன்னு பயந்து போயி அடிக்கறேன்னு சொல்லிப்போட்டேன். அடிக்க மாட்டமுங்க. அந்த ஒட்டு வேலையும் நாங்க பண்ணுனதுதான், அவன் இல்ல. இது அவன் கையில செஞ்சது. அவன் முடிஞ்சுதுன்னா முடிஞ்சுதுங்க."

பெண்ணின் அப்பா "ஒரு நிமிசமுங்க" என்று எழுந்தார். மூன்று பேரும் வெளியே போனார்கள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மூடுபனி இறங்கியிருந்தது. கார் பாதிதான் தெரிந்தது. அவர்கள் மூவரும் அதற்குப் பக்கத்தில் நிழல்களாக நின்றிருந்தார்கள். அத்தை போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, தேயிலைச் செடிகளை ஒட்டி நடந்து நடந்து சிக்னல் தேடினார். ஓரிடத்தில் நின்றார். போனை வாயருகே கொண்டுபோனார். பேச்சு நீண்டது. அப்பா கார்க் கதவைத் திறந்தார்.

"கெளம்பறாங்க" என்றேன்.

"தண்ணி பாட்டில் எடுக்கறாரு. சும்மா இருங்க" என்றாள் மனைவி. அவள் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "செம்மண்ணு நல்ல மண்ணுதாண்டா. எங்க எடுத்த?" என்று மகனிடம் கேட்டார். அவன் வாசலையே பார்த்தபடி நின்றான்.

அவர்கள் திரும்பி வந்தார்கள். யாரும் உட்காரவில்லை. அத்தைதான் பேசினார்.

"புள்ள சொல்லீருச்சு. வர்றதுக்கு அதுக்குச் சம்மதமாம். ஆனா ஒண்ணு. இந்த ரூம்புல நாலு செவுரு இருக்குதில்ல, அதுல ஒண்ணு அவளுக்கு வேணுமாம். அந்தச் செவுத்துக்கு அவ கேக்கற கலர்தான் அடிக்கோணுமாம்."

"என்ன கலருங்க?" என்றார் மச்சான். கடைக்காரர் அவர்.

"கிளிப்பச்சை."

மகனின் முகம் மாறியது. மழை நாட்களெல்லாம் மண் சலித்து, மஞ்சள் வெளிச்சத்தில் மறுபடி மறுபடி பார்த்துத் தடவிய அறை. அதில் கிளிப்பச்சை. அவன் கிளிப்பச்சையை மனதில் அடித்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. முகம் அப்படிச் சுருங்கியது. சரி என்று சொல்லுடா என்று கண்ணால் கெஞ்சினேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பெண்ணின் அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பஸ் வந்து நின்றது அவன் எதிரே.

"எந்தச் செவுருன்னு கேளுங்க" என்றான் கடைசியில்.

"அத நீங்களே கேட்டுக்கங்க தம்பி. எனக்கு எதுக்கு உங்க பஞ்சாயத்து?" என்று அத்தை போனை நீட்டினார். "உள்ள எடுக்க மாட்டேங்குது. அந்தச் செடி ஓரமாப் போயி நில்லுங்க."

அவன் போனை வாங்கிக்கொண்டு வெளியே ஓடினான். ஜன்னல் வழியாக மங்கலாகத் தெரிந்தது. ஒரு கையால் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காற்றில் சுவர் வரைந்தான். இல்லை என்று தலையாட்டினான். பிறகு கேட்டான். மறுபடியும் இல்லை என்றான். ஐயோ, இல்லை இல்லை என்கிறானே என்று நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சம்மதம் என்று வந்ததை இவனே கெடுத்துவிடுவானோ என்று பட்டது. அப்புறம் அவன் சிரிப்பது தெரிந்தது. உடனே மறுபடியும் கையை ஆட்டி ஏதோ மறுத்தான்.

பெண்ணின் அப்பாவும் என் பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுக பேச்சு இப்போதைக்கு முடியாதுங்க. எம் பொண்ணு லேசுல உடமாட்டா, உங்க பையனும் உடமாட்டாரு போல" என்றார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டே என் மனைவியைப் பார்த்துத் திரும்பினார். "எலையைப் போடுங்கம்மா. அதுக முடிவு பண்றதுக்குள்ள நாம சாப்புட்டுருவோம்."

மனைவி ஓடினாள். மச்சான் பாயை விரித்தார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பெண்ணின் அப்பா கையில் ஊற்றினேன். பாதி அவர் கையிலும் பாதி என் காலிலும் விழுந்தது. ஊற்றும்போதே என் கண் ஜன்னலுக்குப் போய்விட்டது. இந்தக் குளிரில் பையன் ஸ்வெட்டர் போடாமல் போயிருக்கிறான்.